எருமையோடு பிணைத்த குதிரை

வாவியின் இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, குதிரை பழக்குவதில் என்னை வெல்ல ஆள் கிடையாது.

பொய். இரண்டு கரையிலும் நான் கண்டதே ஒரு குதிரைதான். அதுவும் என்னைப் பார்த்த முதல் நாளே தோளில் கடித்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டது.

அதற்கு முன் நான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மனைவியின் அண்ணனான மச்சானின் பட்டியில் மாடு பார்த்தவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை மாடு என்றுதான் கூப்பிடுவார். அதனால் அந்த வேலைக்குப் பெரிய தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பிறகு வாவிக்கரை விடுதி ஒன்றில் புல் வெட்டச் சேர்ந்தேன். முதலாளி சுவிஸிலிருந்து திரும்பியவர். என்னைவிட இளையவர், ஆனால் என்னை 'டேய்' என்றுதான் அழைப்பார். கல்யாணச் சோடிகள் எங்கள் கரைக்குப் படம் எடுக்க வருவார்கள். குதிரை ஒன்று நின்றால் இன்னும் கூட்டம் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். நுவரெலியாவில் பந்தயத்துக்கு ஆகாது என்று கழித்துவிட்ட இளம் குதிரை ஒன்று வந்து இறங்கியது. குளிரில் பிறந்தது. நம்முடைய வெயிலில் அதன் தோல் ஓயாமல் துடித்தது. காகம் பறந்தால் துள்ளும். போன் அடித்தால் துள்ளும். தன் வாலைத் தானே கண்டாலும் துள்ளும்.

"நீ மாடு பாத்தவன்தானே. இதுக்கும் நாலு கால்தான். பழக்கு" என்றார் முதலாளி.

"என்ன பழக்குற முதலாளி?"

"சும்மா நிக்கப் பழக்கு. வேல நேரத்துல நீ நிக்கிறாய்தானே, அப்பிடி."

அடுத்த மாதம் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வருவதாக இருந்தது. மாப்பிள்ளை குதிரைமேல் இருந்து படம் எடுக்க வேண்டுமாம்.

"அண்டைக்கும் துள்ளினா காட்டுக்க கொண்டுபோய் அவிட்டு விட்டுட்டு வா. மிச்சத்த யான பாத்துக்கும். விருப்பம் எண்டா நீயும் அங்கயே நில்லு."

பிறகு போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குதிரையின் முன்னால் நின்று நீளமாக மூச்சு விடுகிறாள். குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, கண்ணைப் பாதி மூடுகிறது. "பாத்தியாடா, நாம அமைதியா நிண்டா அதுவும் அமைதியா நிக்கும்" என்று முதலாளி ஊருக்கே கேட்கக் கத்தினார். நானும் போய் நீளமாக மூச்சு விட்டேன். முந்தின நாள் குடித்த கள்ளும் மூச்சோடு சேர்ந்து போனது. குதிரை தலையைத் தாழ்த்தியது. நான் மகிழ்ந்தேன். அதே தோளில் இரண்டாம் கடி விழுந்தது.

மனைவி மஞ்சளும் எண்ணெயும் பூசினாள். மஞ்சளைவிட அவள் வாய்தான் அதிகம் எரித்தது.

"குதிரைக்குப் பொறும பழக்கப் போறாராம். சோறு வேகுமட்டும் பொறுக்க ஏலாம சட்டிக்குள்ள கைய விடுற மனிசன்! கடிச்சிட்டு எண்டு வெளிய சொல்லிராதீங்க. வாய்க்கு ருசி தெரியாத குதிர எண்டு அதத்தான் சனம் பழிக்கும்."

முதலாளிக்கு இன்னொரு வழியும் தெரிந்திருந்தது. உச்சி வெயிலில் கட்டிப் போட்டுத் தண்ணீர் காட்டாமல் விடு, தாகத்தில் அடங்கும் என்றார். கட்டினேன். விலா நடுங்க, நாக்கு வரள, பின்னேரம் வரை அது நின்றது. கடைசியில் அவருக்குத் தெரியாமல் வாளியில் தண்ணீர் கொண்டு போனேன். முதலில் வாளியை உதைத்தது, பிறகு என்னை. விடுதியில் சமைக்கிற குசினிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விலா வலித்ததால் நான் மட்டும் சீக்கிரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்போதுதான் பட்டி ஞாபகம் வந்தது. முரட்டுக் கன்றை அடக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. கிழட்டு மாடு ஒன்றின் கழுத்தோடு கன்றின் கழுத்தைக் கயிற்றால் பிணைத்து விடுவோம். கிழடு போகிற இடத்துக்குக் கன்றும் போக வேண்டும், கிழடு நின்றால் கன்றும் நிற்க வேண்டும். மச்சானிடம் ஒற்றைக்கண் எருமை ஒன்று இருந்தது. கன்றும் இல்லை, பாலும் இல்லை.

"கொண்டு போ. ஆனா மெலிய விட்டிராத. இறைச்சிக்கு ஆள் பாத்து வச்சிரிக்கன்" என்றான் மச்சான்.

குதிரையை எருமையோடு பிணைத்தேன். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்; மற்றவர்களுக்குப் புத்தி இருக்கிறது. குதிரை பின்னங்காலில் எழும்பி நின்று அலறியது. எருமை திரும்பியும் பார்க்கவில்லை. அது நேரே வாவிச் சேற்றுக்கு நடந்தது. குதிரை அதன் பின்னால் இழுபட, குதிரையைப் பிடித்தபடி நான் இழுபட, இடுப்பில் கட்டியிருந்த என் சாறன் மட்டும் கரையில் நின்றுவிட்டது. தெருவில் போனவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"அண்ணே, இன்னொருக்கா விழுங்க! இது வடிவா வரல்ல!"

எருமை சேற்றில் படுத்தது. குதிரை பொழுது சாயும் வரை கழுத்தை வளைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றது. கயிறு குதிரையின் கழுத்துத் தோலை உரித்திருந்தது. வேப்பெண்ணெய் பூசினேன். அடுத்த நாளும் பிணைத்தேன். அதற்கடுத்த நாளும்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது குதிரை தன் தாடையை எருமையின் முதுகில் வைத்துக்கொண்டு நின்றது. எருமை அசைபோட்டது. குதிரையின் கண் பாதி மூடி, உதடு தொங்கியிருந்தது. வீடியோவில் பார்த்த அதே நிலை. ஒரு காகம் தலைக்கு மேலேயே பறந்தது. துள்ளவில்லை. நான் கயிற்றை அவிழ்த்தேன். அது விலகிப் போகவில்லை.

கல்யாண நாளில் எருமையைச் சற்றுத் தள்ளி, குதிரையின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். படக்காரர் வெள்ளைக் குடையை விரித்தார். ட்ரோன் குளவி மாதிரி இரைந்தது. மாப்பிள்ளை நெல் மூட்டைக் கனம். குதிரை எருமையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

"நீ விண்ணன்டா!" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். கடிபட்ட தோளில்தான் தட்டினார். அதற்கும் சிரித்தேன். இனிக் காடு இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மச்சான் லொறியோடு வந்தான்.

நான் முதலாளியிடம் ஓடினேன். "எருமைய நீங்களே வாங்கிருங்க முதலாளி. அது இல்லாட்டி இது நிக்காது."

"குதிரைக்கு எருமையாடா ரீச்சர்? பாஸ் பண்ணிட்டுத்தானே. ரீச்சர அனுப்பு."

மச்சானிடம் போனேன். என் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். "என்ன மச்சான், கண் கலங்குது? என்ட தங்கச்சிய லொறில ஏத்தினாலும் இப்பிடி அழமாட்டாய் போல."

எருமை வேறு யார் இழுத்தும் லொறியில் சாய்த்த பலகையில் ஏறவில்லை. நான் கூப்பிட்டதும் ஏறியது. லொறி வெளிக்கிட, குதிரை வேலி ஓரமாக ஓடியது. முள்ளுக்கம்பி பழைய காயத்தைத் திரும்பக் கிழித்தது. லொறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, எருமை படுத்துக் கிடந்த சேற்றில் போய் நின்றது.

அன்றிலிருந்து அது நிற்கிறது. துள்ளுவதில்லை, கடிப்பதில்லை. புல் வைத்தால் ஒரு வாய், அவ்வளவுதான். "என்ன அமைதியான குதிர!" என்று மணப்பெண்கள் அதன் எலும்பில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். எல்லாரும் கமெராவைப் பார்க்கிறார்கள். அது மட்டும் லொறி போன தெருவைப் பார்க்கிறது. முதலாளிக்குப் பரம திருப்தி.

அன்று லொறி வெளிக்கிடுவதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். மனைவிக்குக்கூட இதுவரை சொல்லவில்லை. பலகைக்கு மேல் நின்று, எருமையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மச்சானைப் பார்த்து—

"அண்ணே! இஞ்ச ஓடி வாங்க!" குசினிக்காரன் கூப்பிடுகிறான். "குதிர சேத்துக்க படுத்திட்டு, எழும்புதில்ல! பொண்ணு மாப்புள வந்து நிக்காங்க!"

"வாறன், வாறன்."

மச்சானைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்றால்—

"கெதியா வாங்கண்ணே! முதலாளி லொறிக்குப் போன் எடுக்கார்!"