தனியாகப் பொருத்திய முதல் ஃபர்னஸ்

எரிவாயு வேலைக்கான லைசென்ஸ் கையில் கிடைத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதுவரை முதலாளிக்குப் பின்னால் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நவம்பர் காலையில், அவருக்குப் பிறம்ரன் நகரில் வேறு வேலை இருந்ததால் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். எரிவாயுவில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, மூட்டி, வீடு சூடாகிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும்.

"நீ செய்வாய். பயப்பிடாதை," என்றார்.

"எனக்கென்ன பயம், அண்ணை," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வழியில் இரண்டு தரம் வாகனத்தை நிறுத்தி, அழுத்தமானி பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. மேலங்கி போட்டபடி கைக்குழந்தையோடு நின்றாள். பழைய ஃபர்னஸ் நின்றுபோய் இரண்டு நாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். நிலவறையில் ஒரு தையல் இயந்திரமும் அதைச் சுற்றித் துணிக் கட்டுகளும் கிடந்தன. ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்தே சட்டைக் கொலர்கள் தைத்துக் கொடுக்கிறாளாம்.

எரிவாயுவை நிறுத்தினேன். பழையதைக் கழற்றினேன். புதியதை முதல் நாளே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதை மட்டம் பார்த்து நிறுத்தி, காற்றுக் குழல்களையும் புகைபோக்கிக்குப் போகும் குழாயையும் இணைத்தேன். அந்த வீட்டுக்குப் புதிய ஜன்னல்கள் போட்டிருந்தார்கள். ஒரு கீறல் வழியாகக்கூடக் காற்று உள்ளே வராது. நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பதால் சுவரைத் துளைத்து, வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்றையும் வைத்தேன். அதன் வாய் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் வந்து முடிந்தது. வேறு வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை.

அவள் அடிக்கடி படிக்கட்டில் நின்று கேட்டாள்.

"முடியுதோ அண்ணை? பிள்ளைக்குக் கைகால் எல்லாம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"இன்னும் கொஞ்சம்தான், தங்கச்சி."

எரிவாயுக் குழாயை இணைத்தபின், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். பூசிக்கொண்டு வந்தேன். அப்போது மேலிருந்து அவள் குரல்: "அண்ணை, தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோ." போய்க் குடித்தேன். திரும்பி வந்து குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, மின்சாரத்தைப் போட்டேன். நீல நெருப்பு ஒரே சீராகப் பிடித்தது. அழுத்தத்தை அளந்தேன். போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை அளந்தேன். பக்கத்தில், அதே புகைபோக்கியில் புகை விட்டு எரியும் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைக்குழாய் வாயில் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். சுடர் உள்பக்கம் சாய்ந்தது. புகை மேலே போகிறது என்று அர்த்தம். எல்லாம் சரி.

நான் சாமான்களை அடுக்கும்போது அவள் கீழே வந்தாள்.

"உந்தக் குழாயால சரியான குளிர் காத்து வருது. உதை அடைச்சுவிட்டால் என்ன?"

"அடைக்கக்கூடாது. அது சட்டம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்படியாவது அந்த வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

அஜின்கோர்டில் ஒரு கடை வாசலில் வாகனத்தை விட்டுவிட்டுக் கொத்துரொட்டியைப் பிரித்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. வால்வுக்குப் பக்கத்து இணைப்புக்குச் சோப்புத் தண்ணீர் பூசினேனா? தூரிகையைப் பிடித்தபடி அதை நோக்கிக் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தேநீர்க் கோப்பை ஞாபகம் இருக்கிறது. இடையில் ஒன்றுமில்லை.

பூசியிருப்பேன் என்று சாப்பிட்டேன். பூசாவிட்டால் என்று பொட்டலத்தை மூடினேன். கடையிலிருந்த பொதுத் தொலைபேசியில் அந்த வீட்டை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே போயிருப்பாள். அல்லது தையல் இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. அல்லது... அந்த 'அல்லது'வை நினைக்க விருப்பமில்லாமல் அடுத்த வேலைக்குப் போனேன். ஒரு ஃபர்னஸின் வடிகட்டியை மாற்றும் சின்ன வேலை அது. அங்கே ஒரே திருகாணியை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வந்ததும் வாகனம் தானாகவே வோபர்ன் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்ரியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது.

"என்ன அண்ணை, ஏதும் பிழையோ?"

"இல்லை, ஒரு சாவியை விட்டிட்டுப் போட்டன்," என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்குள் மீன் பொரியும் வாசம். அடுப்புக்கு மேலிருந்த, சமையல் புகையை வெளியேற்றும் காற்றாடி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிலவறைக்கு இறங்கி அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைப் பூசினேன். ஒரு குமிழி இல்லை. மற்றவற்றிலும் இல்லை. தூரிகையை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி வியர்த்து நீர் வழிந்தது. காலையில் அப்படி இல்லை. எழுந்து தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தித் தாங்கியின் புகைக்குழாய் வாயில் பிடித்தேன். சுடர் என் பக்கம் சாய்ந்தது. மேலே போகவேண்டிய புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெளிக்காற்றுக் குழாயின் வாய்க்குள் துணித்துண்டுகள் இறுக அடைக்கப்பட்டிருந்தன. தையல் இயந்திரத்துக்கு அருகே, ஒரு கூடைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஃபர்னஸை நிறுத்தினேன். தாங்கியையும் நிறுத்தினேன். கூடையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

"கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ. அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ. கெதியா!"

அவள் ஓடி ஓடித் திறந்தாள். குழந்தை குளிரில் விழித்து வீரிட்டு அழுதது. அந்த அழுகை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லமுடியாது. மூவரும் முன்வாசலில் நின்றோம். பின்னேரம் இருட்டத் தொடங்கியிருந்தது.

"மத்தியானத்திலயிருந்து எனக்குத் தலையிடி. தையலால எண்டு நினைச்சன்," என்றாள்.

அது தையலால் வந்ததா, புகையால் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். கணவன் வந்தவுடன் போனார்கள்; இருவருக்கும் ஒன்றுமில்லை என்று அடுத்த நாள் சொன்னாள். ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்கு அது தெரியாது. நெருப்புக்குக் காற்று போதாவிட்டால் மணமில்லாத நஞ்சு வரும் என்பதையும், அடுப்புக் காற்றாடி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, உள்ளே வர வேறு வழி இல்லையென்றால் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கும் என்பதையும் அப்போதுதான் விளக்கினேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"இதைக் காலமையே சொல்லியிருந்தால் நான் ஏன் அடைக்கிறன்? சட்டம் எண்டு மட்டும்தானே சொன்னனீங்கள். இந்த நாட்டில எல்லாம் சட்டம்தானே, அண்ணை."

 சாவியை விட்டுப்போனதாகச் சொன்னது பொய் என்றும், ஓர் இணைப்பைச் சோதித்தேனா என்ற பயத்தில்தான் வந்தேன் என்றும் சொன்னேன்.

"உங்களுக்கும் பயமோ?" என்றாள். அதில் கேலி இல்லை.

வீடு காற்றோட்டம் பெற்றபின் இருவரும் சேர்ந்து தையல் இயந்திரத்தை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். குழாயை வளைத்து இறக்கி, அதன் வாயை ஒரு வாளிக்குள் முடித்தேன். குளிர்காற்று அதற்குள் தங்கும், நெருப்புக் கேட்கும்போது மட்டும் மேலே வரும். முதலாளி ஒருமுறை அப்படிச் செய்ததைப் பார்த்திருந்தேன். காலையில் அது நினைவுக்கே வரவில்லை. திரும்ப மூட்டி, காற்றாடியையும் ஓடவிட்டுத் தீக்குச்சியைப் பிடித்தேன். சுடர் உள்ளே சாய்ந்தது. அவளையும் ஒரு குச்சி பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

முதலாளி கதையைக் கேட்டுவிட்டு, "நீ அடைக்க வேண்டாம் எண்டு சொன்னனீ தானே, பிறகென்ன?" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்ததாக நான் ஃபர்னஸ் பொருத்திய வீட்டின் சொந்தக்காரர் ஷிஃப்டுக்குப் போக அவசரப்பட்டார். நான் நிலவறைப் படியை மறித்து நின்று, வெளிக்காற்றுக் குழாயை ஏன் அடைக்கக்கூடாது என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில், அவர் கூப்பிடாமலே, குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க அந்த வீட்டுக்கு நான் இரண்டு தரம் போனேன்.