அக்கா விழுந்த இடம்

1996ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை, காலை மணி பத்து இருபது. நான்கு நாட்களாக மழை இல்லை. மலாக்கா பட்டணத்தில் தார் இளகும் வெயில். அக்காவும் நானும் தரை விரிப்பு விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். நினைவு மலரில் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் முறை. அதையும் சொல்வேன். ஆனால் என்னிடம் இரண்டு பக்கங்களே கேட்டிருக்கிறார்கள். சொல்லியாக வேண்டியது இடமில்லாமல் விடுபட்டுவிடக் கூடாது என்ற பயத்தால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

அக்கா 1930இல் பெம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தார். ஜப்பான் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன அப்பா திரும்பவில்லை. சண்டை முடிந்ததும், பதினைந்து வயதில் அக்கா பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போனார். என் பள்ளிக் கட்டணம், பஸ் காசு, இரண்டு ஜோடிக் காலணி, எல்லாம் அவர் வெட்டிய பாலில் வந்தவை. அதனால்தான் நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். முப்பத்தோரு ஆண்டுகள் பிறர் வெட்டிய ரப்பரை நிறுத்து எழுதினேன். அக்கா நாற்பத்தொன்பது வயதில் கணவரை இழந்தார். பெம்பானில் தகரக் கொட்டகை போட்டுப் பதினாறு ஆண்டுகள் இட்லி விற்று, ஒரே மகளை வளர்த்தார். 1996இல்தான் ஜாசினில் ஒரு கடை வாடகைக்குக் கிடைத்தது. இருபது அடி அகலம், முப்பத்திரண்டு அடி நீளம்.

முன்பு அது மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் இடம். சிமெண்ட் தரை எண்ணெய் குடித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. தரையைச் சரி செய்தால்தான் சாப்பாட்டுக் கடைக்கு லைசென்ஸ் என்று நகராட்சி அதிகாரி சொல்லிவிட்டார். ஓடு பதிக்கக் கடைச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. எனவே வைனில் விரிப்பு. நம் ஊரில் எல்லோரும் அதை மலாயில் ‘திக்கார் கெத்தா’, ரப்பர் பாய், என்றுதான் சொல்கிறோம்.

கடையில் இருந்த தமிழ் இளைஞர் இரண்டு துண்டுகளை எடுத்துப் போட்டார்.

“பெரியம்மா, இந்தப் பூப்போட்டது வீட்டுக்கு. மேலாக ஒரு தோலுதான். நாலு பேரு நாற்காலிய இழுத்தா பூவெல்லாம் உதுந்துடும். கடைக்கு இதுதான். அடி வரைக்கும் ஒரே கலரு. ஒட்டு எல்லாத்தையும் சூடு வெச்சு இணைச்சிடுவோம், தண்ணி உள்ள எறங்காது.”

அக்கா செருப்பைக் கழற்றினார். ஒரு கப் தண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டு துண்டிலும் ஊற்றி, ஏறி நின்று பார்த்தார்.

“தம்பி, இதுல காலு நிக்குது. அந்தப் பூவுல மீனு மேல நிக்கிற மாதிரி இருக்கு.”

நான் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அறுநூற்று நாற்பது சதுர அடி. கடைக்கானது அடி நான்கு வெள்ளி ஐம்பது காசு. வீட்டுக்கானது ஒரு வெள்ளி முப்பது காசு. “ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு வெள்ளி வித்தியாசம்க்கா” என்றேன்.

“ஐயா, வீட்டு சாமானுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது லா” என்றார் இளைஞர். “பிழிஞ்ச துணியாலதான் துடைக்கணும்.”

“வெள்ளிக்கெழம கடையக் கழுவாம சாமிக்கு எப்படி வெளக்கு வெக்கிறது?” என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். “திக்கார் கெத்தான்னுதானே விக்கிறீங்க? கெத்தான்னா ரப்பர். எனக்கா ரப்பர் தெரியாது? ரப்பருக்குத் தண்ணி என்ன செய்யும்?”

இளைஞர் சிரித்தார். “பேருதான் ஐயா கெத்தா. மலாய்க்காரங்க பூனையக் கூச்சிங்னுதான் சொல்றாங்க. அதுக்காகக் கூச்சிங் டவுன்ல பூனையா கடை வெச்சிருக்கு? இது பிளாஸ்டிக் லா.”

அக்கா பூப்போட்ட துண்டின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனார். “தம்பி, இதுல பால் வாடையே வரலியே. பெயின்ட் வாடதான் அடிக்குது.”

“பேக்டரியில வாடைய எடுத்துட்டுத்தான்க்கா செய்வாங்க” என்றேன் நான்.

எனக்கு அது தெரியாது. அந்த இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அதற்காகச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “எங்க தம்பி படிச்சவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். பூவையே வெட்டிக் குடு ஐயா” என்றார்.

மார்ச் 22, கடையின் முதல் வெள்ளிக்கிழமை. ஆறு வாளித் தண்ணீர், மஞ்சள் தூள், தென்னந்துடைப்பம். ஒவ்வொரு வாரமும் அப்படியே. ஐந்தாம் மாதம் கை கழுவும் தொட்டி அருகே ஒட்டு உப்பியது. அடியில் நின்ற தண்ணீர் நாறியது. பிறகு ஓரம் காய்ந்து மேலே சுருண்டது. அக்கா பசை வாங்கி ஒட்டிப் பார்த்தார். மேசையை இழுத்து அதன்மேல் போடச் சொன்னேன். அதுதான் நான் செய்த உதவி.

அக்டோபர் 18, முப்பத்தோராவது வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்குக் கண்ணாடி டம்ளர் தட்டோடு வந்த அக்காவின் கால் அந்த ஓரத்தில் மாட்டியது. இடுப்பெலும்பு முறிந்தது.

உறவினர் பலரும் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவே நினைத்திருக்கிறீர்கள். அக்கா அப்படித்தான் சொன்னார். மருத்துவமனைக்கும் பிறகு வீட்டுக்கும் பார்க்க வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். “இந்த வயசுல சிலிப்பர் போடாம குளிக்கப் போவியா? கொமரின்னு நெனப்பா?” என்று சித்தி திட்டினார். “ஆமா, டான்ஸ் ஆடிப் பாத்தேன் சித்தி” என்று அக்கா சிரித்தார். நாற்பத்து மூன்று முறையும் நான் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரு முறை, ஆள் போனதும் அக்கா சொன்னார்: “தரையப் பத்திப் பேசாத தம்பி. அவங்க வாயில நீ விழுந்தா எந்திரிக்க மாட்ட. நானாவது கட்டில்லதான் கெடக்கறேன்.”

முந்நூற்று இருபத்தாறு நாட்கள் அப்படிக் கிடந்தார். முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. 1997 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் மூச்சு நின்றது. அந்த இடத்தைக் கடைசிவரை அவர் குளியலறை என்றே சொன்னார்.

இதை அச்சில் போடப் போகிறேன் என்றதும் அக்கா மகள் அழுதார். “எதுக்கு மாமா இப்ப? அம்மா மறைச்சத நீங்க போட்டு ஒடைக்கணுமா? மலரப் படிச்சிட்டு ஆளாளுக்குப் பேசுவாங்க.”

“பேசட்டும்மா” என்றேன். “உங்கம்மா கண்ணு தெரியாம, கவனமில்லாம விழுந்தவங்கன்னு ரெண்டு வருஷமாப் பேசுறாங்களே.” அக்கா பார்த்துத்தான் நின்றார். எதில் கால் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவன் நான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதினொரு மாதம் புண்ணுக்கு மருந்து கட்டிய அக்கா மகளுக்கும், வாரம் இரு முறை வீட்டுக்கு வந்த தாதிக்கும், பூட்டிக் கிடந்த கடைக்குப் பாதி வாடகை மட்டும் வாங்கிய கடைச் சொந்தக்காரருக்கும், காரியங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பெம்பான் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுங்கை ஊடாங்கில் கேண்டீன் வேலைக்குப் போய்வரும் அக்கா மகள் இம்மாதம் கடையைத் திறக்கிறார். அக்காவின் முதலாண்டு நினைவுச் சாப்பாடு அங்கேதான்.

பழைய விரிப்பைப் பெயர்த்து, அடியிலிருந்த ஈரத்தை உலர்த்த 260 வெள்ளி. அக்கா காலால் தேர்ந்த அந்த வகை இப்போது விலை ஏறி, அடி ஐந்து வெள்ளி அறுபது காசு. அறுநூற்று நாற்பது அடிக்கு 3,584 வெள்ளி. என் ஓய்வுப் பணத்திலிருந்து கொடுத்தது, மொத்தம் 3,844 வெள்ளி.