ஜெசிந்தா செய்யாத தவறு

செய்தி வந்தபோது பாலக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "சார், ஜெசிந்தா மேடம் தவறிட்டாங்க" என்று போனில் சொன்னார், ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் முருகேசன். எந்த ஜெசிந்தா என்று கேட்டேன். மடையன் நான், எங்கள் ஆபீஸில் இருந்ததே ஒரு ஜெசிந்தாதான். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

தருமபுரியில் எங்களுடையது சின்ன மென்பொருள் நிறுவனம். ஜெசிந்தா அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தார். நான் அவருடைய டீம் லீடர். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். நடுவில் ஒருவர், "மாங்கூழ் ஆலையில ஒரே ஒரு தப்பு பண்ணாங்க, பாவம். அதுலருந்துதான் அவ்வளவு கவனம்" என்றார். அந்தப் பேச்சை அவர் பெயரிலிருந்து துடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வாடிக்கையாளர் போனில் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து முடித்திருப்பார். "ஆச்சுங்கண்ணா, இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸே அதிரச் சிரிப்பார். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே அப்படித்தான் வேலை செய்தோம். வாடிக்கையாளரின் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே நேராகக் கை வைப்போம். எல்லோருக்கும் ஒரே லாகின். எதை யார் மாற்றினார் என்பதற்குத் தடயமே இருக்காது.

மாம்பழ சீசனில் ஒரு சனிக்கிழமை. மாங்கூழ் ஆலையில், பழம் கொண்டுவரும் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் எங்கள் மென்பொருளில் இரண்டு சின்ன மாற்றம் கேட்டார்கள். டோக்கன் சீட்டின் அச்சை ஜெசிந்தா மாற்றினார். பழைய டோக்கன்களைத் தானாக அழிக்கும் வேலையை, அவருக்குச் சொல்லாமலே நான் செய்து முடித்தேன். மறுநாள் காலை பார்த்தால், காத்திருந்த வண்டிகளின் வரிசையே கம்ப்யூட்டரில் காணோம்.

இரண்டு பேரும் ஓடினோம். வாசலில் டிராக்டரும் டெம்போவுமாக வெயிலில் நின்றன. "நேத்து மத்தியானமே வந்தவன் நானு. இப்பப் போயி கடைசில நில்லுன்னா எப்புடிங்க?" என்று ஒருவர் கத்தினார். இண்டூர்க்காரர் ஒருவர் கத்தவில்லை. "பழம் ஒழுகுதும்மா, பாருங்க" என்று மட்டும் சொன்னார். ஜெசிந்தா நோட்டை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போய், யாருக்குப் பின்னால் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் உள்ளே உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தேன். காத்திருக்கும் வண்டியை அழிக்காதே என்ற ஒரு நிபந்தனையை நான் எழுதாமல் விட்டிருந்தேன். சத்தமில்லாமல் அதைச் சேர்த்தேன்.

வெயிலில் முகம் கன்றிப்போய் உள்ளே வந்த ஜெசிந்தா, "சார், நான் மாத்துனதாலதானுங்களே?" என்று கேட்டார்.

"விடுங்க, யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆபீஸில் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று மெச்சினார்கள். தூ! அது கோழைத்தனம்.

அதன்பிறகு ஜெசிந்தா எங்கள் வேலைமுறையையே மாற்றினார். ஓடும் சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆளுக்கொரு லாகின். எந்த மாற்றத்தையும் இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். "இதென்ன, தாலுகா ஆபீஸா?" என்று கிண்டல் செய்தேன். "சிரிங்க சார். கையெழுத்துப் போட்டுட்டுச் சிரிங்க" என்றார். ஆறே மாதத்தில், லீவு நாளில் வாடிக்கையாளர் போன் வந்தால் நடுங்குவது எங்களுக்கு மறந்துபோனது.

ஒரு முறை முருகேசன் ஒரு கோப்பை அழித்துவிட்டார். கூட்டத்தில் நான் குரலை உயர்த்தினேன். "யாரு பண்ணாங்கன்னு கேக்காதீங்க சார், எப்புடி நடந்துச்சுன்னு கேளுங்க" என்று தடுத்துவிட்டு, முருகேசன் பக்கம் திரும்பினார். "நானெல்லாம் ஊரையே வெயில்ல நிக்க வச்சவ. நீ எதுக்குப்பா அழுவுற?" புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லித் தைரியம் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் நான் அதே அறையில்தான் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். டீயைக் குடித்து உள்ளே தள்ளிவிடுவேன்.

ஓசூர் கிளைக்கு அவரையே தலைமை ஏற்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அந்த ஞாயித்துக்கிழமைக்கப்புறம் எனக்கு அந்தத் தைரியம் வரலீங்க சார்" என்றார். அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுப் பாருங்க" என்றுதான் சொன்னேன்.

சர்ச்சில் ஏழாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் அருள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாம்பழ சீசன் வந்தாலே அவளுக்குச் சோறு எறங்காதுங்க. ஆனா உங்களப் பத்தித்தான் வூட்ல பேச்சு. அன்னிக்கு சார் என்னை ஒரு வார்த்தை திட்டலைன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கையை விட்டார்.

"என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றார். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

ஜெசிந்தா, அது நீங்க பண்ணதில்லைங்க. நான் பண்ணது. போய் வாங்க.