அப்பாவின் சேஃப்டி ஷூ

இன்று கம்பெனியில் எனக்குப் புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். அதன் தோல் வாசனை மூக்கில் ஏறியதுமே பழைய கோபமும் ஏறிவிட்டது.

பதினோரு வயதில் ஜோடியாக ஆடும் டிவி பால்ரூம் நடனப் போட்டிக்குத் தேர்வானேன். என் ஜோடிப் பையன் சென்னையில் இருந்தான். ஓசூரில் சேர்ந்து ஆடிப் பழக ஆளில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிதிச்சா மிதி கண்ணு. முனையில இரும்பு இருக்குது, எனக்கு வலிக்காது."

அம்மா கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள்.

படப்பிடிப்புக்கு அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். "கம்பெனி யூனிஃபார்ம் போட்டுக்கங்க சார். கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்," என்றாள் நிகழ்ச்சியை நடத்திய பெண்.

"எதுக்கும்மா அழணும்? எம்பொண்ணு நல்லாத்தானே ஆடுது?" என்றார் அப்பா.

விளக்குச் சூட்டில் அவர் முகத்து வேர்வையைத் துடைத்ததை எடுத்து, சோக இசை சேர்த்து, ஏழைத் தொழிலாளியின் கண்ணீர் என்று காட்டினார்கள். பாவிகள்!

லாக்கர் பக்கம் நின்று புது ஷூவில் மூன்று அடி வைத்துப் பார்த்தேன். கல்லாய்க் கனத்தது. இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு முழு நடனமும் ஆடிய அப்பாவை டிவிக்காரர்கள் ஆடச் சொல்லவே இல்லை. அழத்தான் சொன்னார்கள்.