கால் லிட்டர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் வடிகட்டியார். ஏரித் தண்ணீரை அள்ளி, கைப்பம்பால் மெல்லிய தாளில் வடிகட்டுவது அவர் வேலை. மீன்கள் உதிர்த்த செதில் தூளும் கழிவும் தாளில் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள மரபணுவைப் படித்து, ஏரியில் என்னென்ன மீன் இருக்கிறது என்று எங்கள் விஞ்ஞானி மேடம் சொல்லிவிடுவார். பாட்டிலுக்கு ஒரு லிட்டர் வடிகட்ட வேண்டும். குறைத்தால், நிறைய இருக்கும் மீன்தான் சிக்கும், அரிதானது நழுவிவிடும். பதினாறு வருடத்தில் அவர் ஒரு சொட்டு குறைத்ததில்லை. டீ வாங்கினால்கூட நுரையை ஊதி ஒதுக்கி அளவு பார்ப்பார். மகா கருமி என்று கிண்டல் செய்வோம்.

நான் ஜீப் டிரைவர். அன்று மழை பெய்து ஏரி கலங்கிக் கிடந்தது. சேறு தாளை அடைத்துக்கொள்ள, ஒரு லிட்டர் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. மொத்தம் பன்னிரண்டு பாட்டில். எனக்கோ சாயங்காலம் டி.வி.யில் மேட்ச். ஹாரனை அழுத்தினேன்.

"அண்ணே, மீனுக்கு என்ன பொண்ணா பாக்கறீங்க? சீக்கிரம் வாங்க!"

"இருப்பா, இறங்க மாட்டேங்குது."

நான் விடவில்லை. நாலு பாட்டிலை ஒழுங்காக முடித்தவர், மீதி எட்டையும் கால் லிட்டரோடு நிறுத்திவிட்டு, அட்டையில் 'ஒரு லிட்டர்' என்றே எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்பதே வகை மீன் என்று அறிக்கை வந்தது. பாதுகாக்க வேண்டிய மீன் எதுவும் இல்லை, ஏரியில் பாதியை மூடிக் கட்டடம் கட்டலாம் என்று பேச்சு கிளம்பியது.

மறுநாள் காலை வடிகட்டியார் பக்கெட்டோடு வந்தார். உள்ளே ஒரு விலாங்கு. அந்த ஏரியில் வலை வீசும் அவருடைய மச்சான் பிடித்தது. பட்டியலில் அது இல்லை.

"மேடம், எட்டு பாட்டில்ல கால் லிட்டர்தான் வடிகட்டினேன். எழுதினது பொய்."

மேடம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இனி உங்க கையெழுத்த நான் எப்படி நம்பறது? யாராவது அவசரப்படுத்தினாங்களா?"

கதவோரம் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்த என் விரல் நின்றுபோனது.

"இல்ல மேடம்," என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மறுபடி வேறு ஆள் போய்த் தண்ணீர் எடுத்தார். இருபத்தொரு வகை மீன் வந்தது, ஏரி பிழைத்தது. வடிகட்டியாரைப் பாட்டில் கழுவப் போட்டார்கள். தினமும் நான்தான் அவருக்கு டீ வாங்கிப் போகிறேன். வாங்கிக் குடிக்கிறார். இப்போதெல்லாம் அவர் அளவு பார்ப்பதில்லை.