அமுதவல்லி திருத்திய பதிவு

அமுதவல்லி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் சாலையில் ஒதுங்கிக் கிடக்கிறது எங்கள் விலங்குப் பூங்கா. கொஞ்சம் மான்கள், நாலு முதலை, ஒரு தொட்டி நிறைய ஆமைகள், குட்டியாகக் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு பெண் கரடி. தீவனக் கிடங்கு என் பொறுப்பு. இருபது வருடமாக நான் நிறுத்துப் போடும் தராசை வந்த மூன்றாம் நாள் குனிந்து பார்த்துவிட்டு, "பாரதி சார், இது பத்து கிராம் கூடக் காட்டுதுங்க" என்றார். காட்டியது உண்மைதான். அதனால்தான் கோபம் வந்தது.

அவருக்கு ஊர் பொம்மிடிப் பக்கம். கணவர் தர்மன் மரவள்ளி போடுகிறவர். பதினொரு வருடம் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் சோதித்துக் கணக்கு ஏடு எழுதிய கை அவருடையது. அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, இவர் மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்தத் தெம்பில்தான் எங்கள் பூங்காவின் பதிவாளர் வேலைக்கு மனுப் போட்டார்.

பயந்த சுபாவம். சும்மா இல்லை, ஊர்ப் பயத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி. இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியதும் முதல் வேலை, வீட்டுக்குப் போன் போட்டு கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று கேட்பது. ஒரு நாளும் மூடாமல் வந்ததில்லை. முதலைக் குளத்துப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். முதலைகளே சலித்துப்போயிருக்கும்.

வெளியூருக்கு அனுப்பி ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பராமரிப்பாளர்கள் பதினொரு பேரையும் என் கிடங்கில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பூங்காவில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும் இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, என்ன செய்தார்கள், நாலையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். பழக்கத்துக்காக, "இன்னிக்குக் காலையில உங்க வூட்டுல நடந்தத எழுதுங்க பாக்கலாம்" என்றார். பதினொரு பேரும் குனிந்து குனிந்து எழுதினார்கள். வாங்கிப் பார்த்தால் எட்டு தாளில் ஒரே வரி: நலம்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பூங்காவின் கடந்த பன்னிரண்டு வருடத்து நோட்டுகளும் அப்படித்தான் இருந்தன. மான் நொண்டினால் டாக்டரிடம் வாயால் சொல்வார்கள், நோட்டில் நலம் என்றே இருக்கும். கரடியைப் பார்த்துக்கொள்ளும் குள்ளன், சித்தேரி மலைக்காரர், அதற்குக் காரணமும் சொன்னார்.

"கெட்டத வாயால சொன்னா காத்தோட போயிருங்கம்மா. எழுதிட்டா அங்கயே நிக்கும்."

இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. எங்கள் மேலாளர் மாது சாருக்கு மெமோ கொடுப்பதில் ஒரு ருசி. நோட்டில் எதையாவது எழுதினால்தானே விளக்கம் கேட்க முடியும்?

அந்த நோட்டுகளையெல்லாம் எட்டு மாதமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார் அமுதவல்லி. ஏற்ற ஏற்ற அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "இத்தனை நலம் எப்படிங்க சார் இருக்கும்? என் வூட்டு ஆடே மாசம் ஒருக்கா படுத்துக்குது" என்று என்னிடம் புலம்புவார். நான் கேட்டும் கேட்காததுபோல் தவிட்டை அளந்துகொண்டிருப்பேன்.

என்னிடம் வேறொரு நோட்டு இருந்தது. தீவனத்தை நான் என் வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுபோவதாக எவனோ ஒரு காலத்தில் கிளப்பிவிட்டதால், அன்றிலிருந்து ஒவ்வொரு கூண்டுக்கும் போனதையும், தின்னாமல் மிச்சம் வந்ததையும் நிறுத்து எழுதி வைத்திருந்தேன். அமுதவல்லிக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும். தராசுக் கோபத்தில் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்தேன். இருப்பதே தெரியாமல் எப்படிக் கேட்பார்?

இந்த வருடம் கரடிக்குப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. கருப்பி என்று பெயர் வைத்தது குள்ளன்தான். புதிதாக வந்த டாக்டர் சந்தியா, ஒரு புதன்கிழமை மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குவது என்று நாள் குறித்தார். முதல் நாள் மாலையிலிருந்து பட்டினி. வெயில் ஏறும் முன், எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும்.

அன்று ஏழேகாலுக்கே அமுதவல்லி கிடங்குக்கு வந்துவிட்டார். தூங்காமல் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், கருப்பிக்கு நேத்து சாயங்காலத்துக்கு மேல எதுவும் போகலீங்கல்ல?"

நான் வாயால் பதில் சொல்லியிருக்கலாம். அலட்சியமாக நோட்டைத் தூக்கி முன்னால் போட்டேன். அவர் நேற்றைய பக்கத்தைப் பார்த்தார். அதோடு விட்டாரா? பின்னால் புரட்டிக்கொண்டே போனார். போன வருடமும் ஒருமுறை பல் பார்க்கக் கருப்பியை மயக்கியிருந்தார்கள். அந்தத் தேதியில் விரல் நின்றது. அடுத்த நாள், போனது நாலு கிலோ, மிச்சம் நாலு கிலோ. அதற்கடுத்த நாளும் அதேதான். நாலு நாள் அந்தக் கரடி ஒரு வாய் தின்னவில்லை.

"நலம்னு இருந்துச்சேங்க சார்" என்றார். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

கூண்டுக்கு முன்னால் மாது சாரும், குள்ளனும், ஊதுகுழலில் மயக்க ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்த டாக்டரும் இருந்தார்கள். அமுதவல்லி மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்ட டாக்டர், டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இதே மருந்து, இதே அளவுதான் போன வருஷமும் போட்டிருக்காங்க. 'நலம்'னு இருக்கு. நீங்கதான ஏத்தியிருக்கீங்க?"

"நான்தாங்க மேடம். ஆனா அது நெசம் இல்லீங்க."

"அப்ப என்ன நடந்துச்சு?"

அன்று மருந்து போட்ட பழைய டாக்டர் வெளிநாடு போய்விட்டார். மருந்தின் பெயரையும் அளவையும் தவிர அவர் காகிதத்தில் எதையும் எழுதுகிறவரும் இல்லை. அப்போது பக்கத்தில் இருந்தவர் குள்ளன் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் மாது சாரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"கேட்டீங்களா? வெயில் ஏறுதும்மா, நீங்க தள்ளுங்க" என்றார் மாது சார். கூண்டுக்குள் கருப்பி வீங்கிய கன்னத்தைக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கும் தயக்கம்தான். ஆனால் சீழை இன்னும் விட்டுவைக்கவும் முடியாது. என்ன நடந்தது என்று தெரியாமல் எந்த மருந்தை மாற்றுவார்?

அமுதவல்லி தள்ளவில்லை. டாக்டர் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கினார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினார். தட்டி முடித்துச் சத்தமாக வாசித்தார்.

"இந்தப் பதிவு தவறு. மயக்கத்துக்குப் பின் நான்கு நாள் கரடி எதுவும் உண்ணவில்லை. வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் இதை ஏற்றினேன். தவறு என்னுடையது. அமுதவல்லி, காலை 7.52."

"இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க?" மாது சார் குரல் உயர்ந்தது. "மேல போனா உங்களத்தான் வெளக்கம் கேப்பாங்க."

"கேக்கட்டுங்க சார். சொல்றேன்."

கேஸ் மூடினேனா என்று தினம் தவிக்கிற மனுஷி அப்படிச் சொல்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "என் பேரையும் போட்டுக்கங்கம்மா. நோட்டு என்கிட்டதான் இருந்துச்சு. வேணும்னுதான் குடுக்கல" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

குள்ளன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மூச்சு நின்னு போச்சுங்கம்மா" என்றார் திடீரென்று. "அன்னிக்கு மயக்கத்துல வாந்தி எடுத்துச்சு. அது தொண்டயில அடச்சுக்கிச்சு. நாக்கு நீலமாப் போச்சு. டாக்டர் கையவுட்டு வழிச்சு, நெஞ்ச அமுக்கி அமுக்கித்தான் எழுப்புனாரு. நாலு நாளு நான் வூட்டுக்கே போவல."

டாக்டரின் முகம் மாறியது. "வாந்தியா? பட்டினிதான போட்டிருந்தீங்க? வயித்துல ஒண்ணும் இல்லாம எப்படி வாந்தி வரும்?"

குள்ளன் துண்டை உதறித் தோளில் போட்டார். மாது சார் ஏதோ சொல்ல வர, அமுதவல்லி கையை நீட்டி அவரைத் தடுத்தார். மேலாளரையே கைகாட்டி நிறுத்துகிறோம் என்பது அந்த நிமிஷம் அவருக்கு உறைத்திருக்காது.

"சொல்லுங்கண்ணா."

"விடியக்காலம் பசியில கத்துச்சுங்க. கேக்க முடியல. நான் எனக்குக் கொண்டாந்த களியில ஒரு உருண்ட போட்டேன். ஒரு உருண்டதானேன்னு. ஆருக்கும் தெரியாது. பழைய டாக்டருக்கும் சொல்லலீங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். காரணம் மருந்து இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கும்தான். முடிந்துபோன கதை, இனி வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். டாக்டர் ஊதுகுழலைக்கூட மறுபடி கையில் எடுத்துவிட்டார்.

அமுதவல்லிக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. குள்ளன் களி கொண்டுவரும் தூக்குப்போசியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணா, இன்னிக்கு?"

குள்ளன் தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கும் கத்துச்சுங்கம்மா."

டாக்டர் ஊசியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பல்லை எடுத்தார்கள். அதற்கு முந்தைய இரவு குள்ளனை டாக்டரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், கத்துவது காதில் விழக்கூடாது என்று. கருப்பி நல்லபடியாக எழுந்தது. மாது சார் எங்கள் மூன்று பேருக்கும் மெமோ கொடுத்தார், நாங்களும் பதில் எழுதினோம்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தப் புதன்கிழமைதான். அமுதவல்லி டேப்லெட்டைக் குள்ளனிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்கண்ணா" என்றார். அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் யாரும் நகரவில்லை.

காலை 5.40. களி ஒரு உருண்டை. கொடுத்தது குள்ளன்.

எங்கள் பூங்காவில் ஒரு பராமரிப்பாளர் தான் செய்த தவறைத் தன் பெயர் போட்டுத் தானே எழுதியது அதுதான் முதல் தடவை.