குளிக்கும் அறையின் நாலாவது சுவர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரி சொம்பை நீட்டினால் பாலைப் பார்க்கமாட்டேன், சொம்பின் அடியைத்தான் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவளை விட்டுவிட்டு, கல்யாணமான மறு வருஷமே என் வீட்டுக்காரர் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பிரெஞ்சுக்காரன் சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை என்று எங்கள் பாகூர் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு என் மாமியார் வலியப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். ஆள் ரொம்ப மாறியிருந்தார். வீட்டுக்குள்ளேயும் சட்டையைக் கழற்றுவதில்லை. படுக்கும்போதுகூடப் பனியன். ஊர் ஆண்கள் எல்லாம் வெயில் ஏறியபின் ஏரிக்குப் போய் அரட்டையடித்துக்கொண்டு குளிப்பார்கள். இவர் விடிவதற்கு முன்பே தனியாகப் போய் முழுகிவிட்டு வந்துவிடுவார். “தொரைங்க பழக்கம்” என்று மாமியாருக்குப் பெருமை. எனக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

வந்த சூட்டோடு, கிருமாம்பாக்கம் போகிற வழியில் இருந்த எங்கள் கொல்லையில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். வீட்டைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அடுப்பங்கரை எந்த மூலை, சாமி மாடம் எந்தப் பக்கம், நெல் கொட்டி வைக்க எவ்வளவு இடம், எதைக் கேட்டாலும் “மேஸ்திரி பாத்துப்பாரு” என்பார். ஒன்றே ஒன்றில் மட்டும் மேஸ்திரியை வாய் திறக்க விடவில்லை. குளிக்கிற அறை.

குளிக்க ஒரு அறையா என்று ஊரே வாயைப் பிளந்தது. பெண்களுக்குக் கிணற்றடியில் நாலு கழி நட்டுக் கீற்று மறைப்பு கட்டியிருக்கும், அவ்வளவுதான். இவரோ நாங்கள் படுக்கப்போகிற அறையை ஒட்டி, அதிலிருந்தே கதவு வைத்து, நாலு சுவரும் கூரையுமாக ஒன்று கேட்டார். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அழுக்குத் தண்ணீர் ஓடுவதா என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். பெருமை அந்த ஒரு இடத்தில்தான் கொஞ்சம் சறுக்கியது.

வாசற்கதவுக்கென்று இழைத்து வைத்திருந்த பலகையில் அடுப்புக் கரியால் அந்த அறையை வரைந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் சுவரில் கதவு. இரண்டாவதில் மேலே சின்ன ஜன்னல், கீழே தண்ணீர் வெளியே போக ஜலதாரை. மூன்றாவதில் கண்ணாடி மாட்ட ஆணி, சவுக்காரம் வைக்க மாடம், துண்டு தொங்கவிட ஒரு கொக்கி. எதற்கும் நின்று யோசிக்கவில்லை. நான் வாசலில் கோலம் போடுகிற மாதிரி கை தானாக ஓடியது. நாலாவது, கிணற்றைப் பார்த்த சுவர். அதில் இடுப்புயரத்தில் ஒரு பொந்து. வெளியில் நின்று அதன் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே தொட்டியில் விழும். அந்தச் சுவரில் வேறு ஒன்றும் வரையவில்லை.

“இந்தச் செவுத்துல வேற இன்னாங்கய்யா வரும்?” என்று மேஸ்திரி கேட்டார்.

“அது தெரியாது” என்றார். உடனே, “அப்புறம் பாத்துக்கலாம்” என்று மாற்றிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. புதிதாகக் கட்டுகிற அறையில் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். தெரியாது என்றால் என்ன அர்த்தம்? இந்த அறை ஏற்கெனவே எங்கேயோ இருக்கிறது. அதை இவர் மனப்பாடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். குளிக்கிற அறை மனப்பாடமாகத் தெரிய வேண்டுமானால் அந்த வீட்டில் எவ்வளவு உரிமை இருந்திருக்க வேண்டும்!

சுவர் எழும்பியதும் அவர் இல்லாத வேளையில் உள்ளே போய் நின்று பார்த்தேன். கொக்கி எனக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. கண்ணாடிக்கு அடித்த ஆணி என் உச்சந்தலைக்கு மேலே இருந்தது. இது எனக்காகப் போட்ட கணக்கு இல்லை. யாரோ ஒரு உயரமானவள். துண்டை வீசித் தொங்கவிட்டு, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவள் சிவப்பாக வேறு இருப்பாள் என்று நானே முடிவு கட்டினேன்.

எங்கள் ஊரிலிருந்து என் தாய்வீடு இருக்கும் நெட்டப்பாக்கத்துக்குப் போனால், இரண்டும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான் என்றாலும், நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்ட வேண்டும். அங்கே சுங்கச் சாவடிக்காரன் மூட்டையைப் பிரித்துக் கிளறுவான். அந்த மாதிரி அன்றைக்கு அவருடைய தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில், காகிதத்தில் சுற்றி, ஒரு வாசனைச் சவுக்காரம். பாதி தேய்ந்தது.

சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் அதை வைத்தேன்.

“இது யாருது?”

முகம் செத்துப்போயிற்று. “வாங்கினது” என்றார்.

“பாதி தேஞ்சதத்தான் கடையில விக்கிறாங்களா? அந்தக் கொக்கி யாருக்குங்க?”

“உனுக்குத்தான்.”

“எனுக்கு எட்டலயே.”

என் உயரத்தை அன்றைக்குத்தான் பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார். “எறக்கி அடிக்கச் சொல்றேன்” என்றார்.

“கொக்கியக் கேக்கல. நெசத்தக் கேக்குறேன். சொல்லாட்டி புது வூட்ல நான் கால் வைக்கமாட்டேன். நெட்டப்பாக்கம் பூடுவேன். நீங்களே குடிபுகுந்துக்குங்க.”

சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். குடிபுகுகிற நாளுக்கு அப்போது நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி பிடித்தேன். பெட்டியை ஏற்றிவிட்டு வண்டிக்காரரிடம், முதலில் கொல்லைக்கு விடச் சொன்னேன். அந்தக் கொக்கியை என் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போவது என்று ஆத்திரம். உள்ளே போய் இரண்டு செங்கல்லை அடுக்கி ஏறி நின்றேன். கொக்கியில் கை வைத்தபோது, கிணற்றுப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. மேஸ்திரியும் அவரும்.

“பொந்து இந்த ஒசரம் போதுமாங்கய்யா?”

“இரு, ஊத்திப் பாக்குறேன்.”

நான் அசையாமல் நின்றேன். பொந்தில் குடத்தின் வாய் மட்டும் வந்தது. பின்னால் இரண்டு கைகள். குடம் சாய்ந்தது. ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை, தொட்டியில் சளக்கென்று சத்தமில்லை. தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கியது. அடுத்த குடமும் அப்படியே. எங்கள் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரைத் தானாக மொண்டு குடிக்காத மனுஷன்! அப்புறம் சுவரில் இரண்டு தட்டு. பொந்துக்கு வெளியே மூடியாக மாட்டியிருந்த பலகை சாத்திக்கொண்டது.

“இன்னாத்துக்குங்கய்யா தட்டுறீங்க?” என்று மேஸ்திரி கேட்டார். அவர் அடுத்த குடத்துக்குக் கயிற்றை இறக்கினார். சுண்ணாம்பு கரைக்க மேஸ்திரி முன்பக்கம் போய்விட்டார்.

நான் வெளியே வந்து சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்தார். நான் அவரோடு பேசவில்லை. பலகையைத் தள்ளி, குனிந்து பொந்துக்குள் பார்த்தேன். எதிரே கதவு தெரிந்தது. ஒரு பக்கம் ஜன்னலும் ஜலதாரையும். மறுபக்கம் ஆணி, மாடம், கொக்கி. மூன்று சுவரும் அன்றைக்குக் கதவுப் பலகையில் கரியால் வரைந்தது போலவே தெரிந்தன. பொந்து இருந்த நாலாவது சுவர் மட்டும், அங்கே நிற்கிறவனுக்கு ஒருநாளும் தெரியாது.

“அங்க சைகோன்ல, உள்ள நின்னு ஒரு நாளாவது குளிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். இல்லை.

“எழுத்து வேலைன்னுதான் இட்டுக்கினு போனாங்க. போனா வேலை இல்ல. ஒரு தொரை வூட்ல தண்ணி ரொப்புற வேலைதான் கெடைச்சுது. தொரசானி வர்றதுக்கு முன்னாடி ரொப்பிடணும். ரெண்டு தட்டு தட்டிட்டு, பலகைய சாத்திட்டுப் பூடணும். ஆறு வருஷம்.” பிறகு நான் கேட்காமலேயே சொன்னார். “சவுக்காரம் ஜலதாரையில வந்து உழுந்துச்சு.”

அப்போதும் என் புத்தி விடவில்லை. “அப்ப நமக்கு எதுக்கு இந்த அறை?” என்றேன்.

சட்டையை ஒரு பக்கம் இறக்கினார். வலது தோளில், கழி அழுந்திய இடம் கறுத்து, தடித்து, காய்த்துப்போயிருந்தது. இரண்டு பக்கமும் தகர டின் கட்டித் தூக்குகிற கழி.

“ஏரியில ஊரே பாக்குமேடி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொம்பின் அடியைப் பார்க்கிறவள், பெட்டியைக் கிளறுகிறவள், இல்லாத ஒருத்தியின் உயரத்தை அளந்தவள் நான். அவர் சட்டையை ஏன் கழற்றுவதில்லை என்று யோசித்தபோதுகூட, யாரோ ஒருத்தியைத்தான் யோசித்தேன். அந்தத் தோளை யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தப் பொந்தை அடைக்கச் சொன்னேன். “அப்ப தண்ணிக்கு இன்னாம்மா பண்ணுவீங்க?” என்றார். கதவு வழியாக நானே கொண்டுவந்துகொள்கிறேன் என்றேன். அடைத்த இடத்தில் என் உயரத்துக்கு ஒரு மாடம் வைக்கச் சொன்னேன். கொக்கியையும் இறக்கி அடிக்கவைத்தேன்.

எழுத்து வேலைக் கதையை மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன்.

குடிபுகுந்த அன்று விடிந்ததும் தொட்டியை நிரப்பினேன். அவர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. நான் கதவில் இரண்டு தட்டு தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ் திறந்தது. சட்டையும் பனியனும் கொக்கியில் தொங்கின. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புது மாடத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சொம்பை எடுத்து அந்தத் தோளில் தண்ணீர் ஊற்றினேன்.